இரண்டு நாள், ஆளுக்கு 1,300 ரூபாய்: வடசென்னையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மெரினா, மகாபலிபுரம், தி.நகர் என்று கூட்டிக்கொண்டு போவதுதான் தண்டையார்பேட்டைக்காரன் எனக்கும் வழக்கமாக இருந்தது. போன டிசம்பரில் திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா மகனும் அவன் மனைவியும் வந்தார்கள். வந்தவன் டீ குடித்துக்கொண்டே, "அண்ணே, நீங்க இருக்குற பக்கம் பாக்க ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டுவிட்டான். ரோஷம் வந்து அப்போதே கிளப்பிக்கொண்டு போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, மணி பன்னிரண்டரை. திருவொற்றியூர் கோயில் நடை சாத்தியாகிவிட்டது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஈரத் தரையும் செதிலும் காக்காயும்தான் மிச்சம். பாரிமுனையில் ஒரு ஷட்டர்கூடத் திறந்திருக்கவில்லை. வெயிலில் மூன்று பேரும் கரும்பு ஜூஸ் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பிறகு அடுத்த வாரமே ஒழுங்காகத் திட்டம் போட்டு இரண்டு நாள் சுற்றினோம். அந்தத் திட்டத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வடசென்னையில் செலவு ஒரு பிரச்சினையே இல்லை. பார்க்க வேண்டிய பாதி இடங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேளை இருக்கிறது. மீனுக்கு விடியற்காலை, கோயிலுக்குக் காலை, கடைத்தெருவுக்குப் பகல், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸுக்குப் பொழுது சாய்ந்த பிறகு. மேப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்.

முதலில் தேதி

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கச் சுகமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, காசிமேடு அடங்கிக் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் வெயிலும் கொளுத்தும், ஆகவே வராமல் இருப்பதே நல்லது.

திருவொற்றியூர் கோயிலுக்காகவே வருகிறீர்கள் என்றால் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி வாருங்கள். அங்கே மூலவர் புற்று வடிவம். வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவரை அந்த மூன்று நாள் மட்டும்தான் கவசம் இல்லாமல் பார்க்கலாம். புனுகு சாத்துவார்கள். வரிசை நீளமாக இருக்கும், சொல்லிவிட்டேன்.

கிழமை முக்கியம். சனி, ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அந்த வரிசையில். சனிக்கிழமை மொத்தக் கடைகள் திறந்திருக்கும், ஞாயிறு மூடிவிடுவார்கள். ஞாயிறு மெட்ரோவில் பாதிக் கட்டணம். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. இந்த மூன்றையும் கூட்டிக் கழித்தால் சனி-ஞாயிறுதான் வரும்.

தங்குமிடம்

சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் பெரியமேடு, வால்டாக்ஸ் ரோடு, மண்ணடி பக்கம் லாட்ஜ் பார்க்கலாம். மண்ணடி நடுவாக இருக்கும். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் இருக்கிறதா, அது எதைப் பார்த்துத் திறக்கிறது என்று பாருங்கள். பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறக்கிற ஜன்னலுக்கு இங்கே பஞ்சமில்லை. 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். ரயிலில் முன்பதிவு செய்து வருகிறவர்கள் சென்ட்ரல் நிலையத்து ஓய்வறைகளை ரயில்வே தளத்தில் முயற்சி செய்யலாம். சுத்தம், மலிவு, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வால்டாக்ஸ் ரோடு என்ற பேருக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. ஹைதர் அலி பயத்தில் கும்பினிக்காரர்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவை ஊர்க்காரர்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தார்கள். வரி வசூலாகவில்லை. மதிலும் போய்விட்டது, கொஞ்சம் மிச்சம் மாடிப் பூங்காவில் இருக்கிறது. வசூலாகாத மதில் வரியின் ('வால் டாக்ஸ்') பேர் மட்டும் தெருவுக்கு நின்றுவிட்டது.

போக்குவரத்து

சித்தப்பா மகனான என் தம்பி சென்ட்ரலில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவருக்கு 400 ரூபாய் கொடுத்து மண்ணடி வந்து நின்றான். மெட்ரோவில் சென்ட்ரல், உயர்நீதிமன்றம், அடுத்தது மண்ணடி. 20 ரூபாய்க்கு மேல் ஆகாது.

மெட்ரோவின் நீல வழித்தடம் வடசென்னையை நெடுக ஊடுருவிப் போகிறது. மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தியாகராயர் கல்லூரி, தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர். வண்ணாரப்பேட்டை வரை 2019-இலும் விம்கோ நகர் வரை 2021-இலும் வந்தது. அதற்கு முன் டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) பஸ்ஸில் தொங்கியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மாநகரப் பேருந்தில் முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த சாதாரணக் கட்டண வண்டி வந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. டீலக்ஸ் வண்டியில் ஏறிவிட்டு நடத்துநரிடம் சண்டை போட வேண்டாம். ஷேர் ஆட்டோவை டி.எச். ரோட்டில் கை காட்டி நிறுத்தலாம். ஏறும் முன் எங்கே போகிறீர்கள் என்று சொல்லுங்கள், எவ்வளவு என்று கேளுங்கள். புறநகர் ரயிலுக்குக் குறைந்த கட்டணம் 5 ரூபாய்.

சனிக்கிழமை: கோட்டையிலிருந்து சவுகார்பேட்டை வரை

ஒன்பது மணிக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்குங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள். உள்ளே இரண்டு இடம் போதும். ஒன்று, 1680-இல் கட்டி முடித்த புனித மரியன்னை தேவாலயம். ராபர்ட் கிளைவ் 1753-இல் திருமணம் செய்துகொண்டது இங்கேதான். இன்னொன்று அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் 25 ரூபாய்க்குள். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. பீரங்கி, துப்பாக்கி, கும்பினிக் கோப்பைகள் எல்லாவற்றையும் வேகமாகத் தாண்டி வந்து அந்தக் கொடி முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்.

அங்கிருந்து ராஜாஜி சாலையில் வடக்கே நடந்தால் உயர்நீதிமன்றம். 1892-இல் திறந்த கட்டடம். அதன் உச்சிக் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் வேலை பார்த்தது. தீர்ப்பும் சொல்லி, கப்பலுக்கு வழியும் காட்டிய கட்டடம்! கிழக்குச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, தேடித்தான் பார்க்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மேல் குண்டு வீசியதன் நினைவு. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. "அவன் பெரிய எம்டன்" என்று நாம் சொல்வது அந்தக் கப்பலைத்தான்.

பாரிமுனை தாண்டி அரண்மனைக்காரத் தெரு. ஆர்மீனியன் தெரு என்றாலும் காட்டுவார்கள். பதினோரு மணிக்குள் அங்கே இருக்கப் பாருங்கள். ஆர்மீனியன் சர்ச் பிற்பகலில் கதவைச் சாத்திவிடும். அவ்வளவு லாரி, தள்ளுவண்டி, ஹாரன் சத்தத்துக்கு நடுவில் ஒரு மரக்கதவு. உள்ளே காலை வைத்தால் யாரோ வால்யூமைக் குறைத்த மாதிரி இருக்கும். முற்றத்தில் மரங்கள், தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். ஆலயம் 1712-இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. நீங்கள் நடக்கிற தரையிலேயே கல்லறைக் கற்கள் பதித்திருக்கிறார்கள், பார்த்துக் கால் வையுங்கள். முற்றத்தில் ஒரு கல்லறை அருட்தந்தை ஹாருத்யூன் ஷ்மாவோனியனுடையது. உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-இல் அவர் வெளியிட்டது இந்தச் சென்னையிலிருந்து. அந்த நாட்டுப் பத்திரிகை உலகமே மண்ணடிப் பக்கத்துச் சந்து ஒன்றில் பிறந்திருக்கிறது. ஆர்மீனிய வணிகர்கள் எல்லாம் போய்விட்டார்கள். மணி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் அடிக்கிறது.

பக்கத்திலேயே தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். 1677-இல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து வழிபட்டதாகக் கோயிலில் சொல்கிறார்கள். பாரதியார் பத்திரிகை வேலை பார்த்த நாட்களில் இந்தப் பக்கம் வந்து கும்பிட்டுப் போனவர். பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருக்கள். பாரிமுனையைச் சுற்றியுள்ள இந்த ஜார்ஜ் டவுனில் தெருவுக்கு ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி, தேவராஜ முதலித் தெருவில் வளையலும் கண்ணாடியும், காசிச் செட்டித் தெருவில் ஃபேன்சி சாமான், ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டாலும் மூக்கை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். தலைச்சுமைக்காரர்கள் "ஓரம், ஓரம்" என்று வருவார்கள். நின்று செல்ஃபி எடுக்கிற இடம் இது இல்லை, சட்டென்று ஒதுங்குங்கள். மொத்த விலைக் கடையில் ஒரு பொருளைக் காட்டி "ஒண்ணு எவ்வளவு?" என்று கேட்டால் பதிலே வராது. "டஜன் என்ன விலை?" என்று ஆரம்பித்தால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நான்கு மணிக்கு மேல் ராசப்ப செட்டித் தெருவிலேயே கந்தகோட்டம் திறந்துவிடும். வள்ளலார் சிறுவயதில் மனம் உருகிப் பாடிய முருகன். அவர் வாழ்ந்த வீடு சற்றுத் தள்ளி ஏழுகிணறு, வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இருக்கிறது. வடலூர் போகிற பலருக்கு அவர் இளமை முழுவதும் இந்தச் சந்துகளில்தான் கழிந்தது என்று தெரியாது.

இருட்டியதும் தங்கசாலைத் தெரு, சவுகார்பேட்டை. வட இந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடம், சைவம்தான் அதிகம். காக்கடா ராம்பிரசாத்தில் சூடான ஜிலேபி, முறுக்கு சாண்ட்விச் விற்கிற வண்டிகள், என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் கடையின் நெய்ப் பொடி இட்லி. இலையில் நெய் ஓடும். டாக்டர் எதைச் சாப்பிடக் கூடாது என்றாரோ அதெல்லாம் இந்த ஒரே தெருவில் கிடைக்கும். வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு பீச் ஸ்டேஷன் பக்கம் வாருங்கள், அத்தோ காத்திருக்கிறது.

பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-இல் பர்மா பஜார் வந்தது. அவர்களோடு வந்த சாப்பாடுதான் அத்தோ. தள்ளுவண்டியில் மஞ்சள் நூடுல்ஸை ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போடுவார். மேலே பொடியாக அரிந்த கோஸ், வெங்காயம், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணி. பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை உள்ளங்கையில் நொறுக்கித் தூவி, கையாலேயே பிசைவார். அந்தப் பிசையலில்தான் ருசி. கூடவே வாழைத்தண்டு சூப்பு ஒரு குவளை, கேட்டால் இன்னொரு தடவையும் ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே மசாலா வைத்துத் தருவார்கள், அதை ஒரே வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துச் சாப்பிட்ட என் தம்பி சட்டையில் புளித்தண்ணிக் கறையோடுதான் லாட்ஜுக்குப் போனான்.

பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும்.

ஞாயிறு: காசிமேடும் திருவொற்றியூரும்

அந்த நேரத்துக்கு மெட்ரோ கிடையாது. ஆப்பில் ஆட்டோ போட்டு, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் என்று கொடுங்கள். மண்ணடியிலிருந்து எங்களுக்கு 180 ரூபாய் ஆனது. இரண்டு நாளில் காசு கொடுத்துத் தனி ஆட்டோ பிடிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். பழைய ரப்பர் செருப்பு, முழங்காலுக்கு மேல் மடிக்கக்கூடிய பேன்ட். நல்ல ஷூ போட்டுக்கொண்டு வந்தால் அதற்குப் பிறகு அது நல்ல ஷூ இல்லை.

வடசென்னை என்றால் சினிமாவில் பார்த்த அரிவாளை நினைத்துக்கொண்டு சிலர் தயங்குவார்கள். நான் பார்த்தவரை இங்கே எழுந்து நிற்கிற ஒரே கத்தி மீன் வெட்டுகிற அக்காவின் அருவாமனைதான்.

நான்கு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் படகு படகாக இறக்குவார்கள். கூடைகள், ஐஸ் பெட்டிகள், வழுக்கும் தரை. ஏலம் விடுகிறவர் குரல் ஒரே தாளத்தில் ஏறும், சுற்றி நிற்கிற வியாபாரிகளில் ஒருவர் தலையை லேசாக அசைப்பார், அவ்வளவுதான், கூடை கைமாறிவிடும். யார் வாங்கினார் என்று நமக்குப் புரிவதற்குள் அடுத்த கூடை வந்துவிடும். வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி, கடம்பா, நண்டு, இறால். ஏலக்காரருக்கும் கூடைக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். தம்பி நின்றான். தலையில் கூடையோடு வந்த ஓர் அம்மா, "இன்னாபா, வாங்குறியா, வேடிக்கை பாக்குறியா? நவுரு" என்றார். அவன் நகர்ந்த வேகத்தில் என் மேல் வந்து விழுந்தான்.

சில்லறைக்கு வாங்குகிறவர்கள் கூறு வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாங்கலாம். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்ளே போயிருந்தால் வேண்டாம். முதல் விலையில் பாதி கேட்டால் திட்டு விழும், முக்கால்வாசி கேட்டால் பேச்சு நடக்கும். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பலர் சரி என்பார்கள். வலை பிரிக்கிறவர்களும் தூங்குகிறவர்களும் காட்சிப் பொருள் இல்லை.

ஆறரைக்குள் டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் டி.எச். ரோடு, அங்கிருந்து மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி. பொதுக் கழிப்பிடத்தில் கால் கழுவிக்கொண்டு, மாற்றுச் சட்டையோடு கோயிலுக்குப் போவது மரியாதை. பைக்குள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தியாகராஜ சுவாமி கோயில், வடிவுடையம்மன் சன்னிதி. நம் ஊர்க்காரர்களே கோபுரத்தையும் அம்மனையும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் மூலவர் சன்னிதிக்குப் பின்பக்கம் போய் விமானத்தைப் பாருங்கள். யானை படுத்திருக்கும்போது அதன் பின்பகுதி போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று பேர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பியது. தஞ்சாவூர் போக வசதிப்படாதவர்களுக்கு மெட்ரோ டிக்கெட்டில் ஒரு சோழர் கட்டடம்.

மகிழ மரத்தை விட்டுவிடாதீர்கள். திருவாரூரில் மனைவி பரவையார் இருக்க, சுந்தரர் இங்கே சங்கிலியாரைக் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டார். "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று சத்தியம் செய்யச் சொல்வார்களே, சிவன் முன்னால் செய்தால் கட்டுப்படுத்துமே என்று யோசித்து, சுவாமியிடமே போய், "நான் சத்தியம் செய்கிற நேரம் நீங்கள் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். சுவாமியும் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், "மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கு" என்று சொல்லிவிட்டார்! பிறகு சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போயிற்று. தம்பி மனைவி இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவனை அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தாள்.

கோயிலிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. சிறிய இடம், கடல் காற்று, கூட்டமே இருக்காது. கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். டிபனைத் தேரடிப் பக்கம் முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மெட்ரோ காலடிப்பேட்டையில் நிற்கும். யாரோ காலடி வைத்ததால் வந்த பேர் என்று நினைக்க வேண்டாம். நெசவாளர்களைக் குடியேற்றிய கவர்னர் காலட் பேரில் காலட்பேட்டை, நம் வாயில் காலடிப்பேட்டை.

மதியத்துக்கு மேல் ராயபுரம். ராயப்பர் என்றால் புனித பீட்டர். அவர் பேரில் படகுத் தொழில் செய்தவர்கள் கட்டிய தேவாலயத்தால் ஊருக்கே அந்தப் பேர். ரயில் நிலையத்துக்கு பீச் ஸ்டேஷனிலிருந்து 5 ரூபாய் டிக்கெட் எடுத்து ஒரே நிறுத்தம் போங்கள். அந்தப் பக்கம் வண்டி குறைவு, கவுன்ட்டரில் நேரம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜாவுக்குப் புறப்பட்டது இந்த நிலையத்திலிருந்துதான். நாட்டில் இன்னும் நின்றுகொண்டிருக்கிற மிகப் பழைய நிலையக் கட்டடமும் இதுதான். பெரிய தூண்கள், அவ்வளவு ஆளில்லாத நடைமேடை. நேரம் இருந்தால் ராபின்சன் பூங்காவையும் பாருங்கள். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம். இப்போது அறிஞர் அண்ணா பூங்கா.

மாலையில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. கும்பினிக்குத் துணி வெளுத்தவர்கள் இருந்த பேட்டையில் இன்றும் துணிக்கடைதான். தி.நகர் விலையை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கணக்கு

மூன்று பேருக்கு இரண்டு நாளில் ஆனது: அறை 1,400. மெட்ரோ, ரயில், பஸ், ஷேர் ஆட்டோ சேர்த்து 480. விடியற்கால ஆட்டோ 180. அருங்காட்சியகம் 75. சாப்பாடு 1,650. பூ, அர்ச்சனை 60. மொத்தம் 3,845. ஆளுக்கு 1,300 ரூபாய்க்குள். நெருக்கடி என்றால் சாப்பாட்டில் குறைக்கலாம். அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். ஜிலேபியை மட்டும் குறைக்க எனக்கு மனசு வராது. துணியும் மீனும் இந்தக் கணக்கில் சேராது.

கருவாடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டி, அதை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தம்பி ஒரே கவரில் கட்டி, பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்திருக்கிறான். விழுப்புரம் தாண்டும்போது போன் செய்தான். "அண்ணே, கோச்சுல எல்லாரும் எங்க பெட்டியத்தான் பாக்குறாங்க."